பக்கத்து சீட்டுக்கு என்ன விலை

பழைய கார்களுக்கு மதிப்புப் போடுகிற நீங்கள் எல்லாரும் இப்போது கையில் ஒரு டேப்லெட்டை வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வருகிறீர்கள். அது கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் டிக் அடித்தால் கடைசியில் அதுவே ஒரு விலையைச் சொல்லிவிடுகிறது. நல்லதுதான். எங்கள் காலத்தில் விலை சொன்னவனுக்குத்தான் திட்டு விழும். இப்போது திட்டு வாங்க ஒரு மெஷின் இருக்கிறது. ஆனால் போன வாரம் உங்களில் ஒருவர் போன் செய்து, "சார், சூப்பர் கார் ஒண்ணு வந்திருக்கு. மெஷின் சொல்ற வெலை ஒத்து வரல. எதை வெச்சு சார் வெலை சொல்றது?" என்று கேட்டார். போனில் என்னால் முழுதாகச் சொல்ல முடியவில்லை, அவருக்கும் அவசரம். அதனால் எழுதுகிறேன். எனக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்தால் சாயங்காலம் வரைக்கும் என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

சின்ன வண்டிக்கு விலை சொல்வது சுலபம். குரோம்பேட்டையில் ஒருவர் விற்றால் பெருங்களத்தூரில் பத்துப் பேர் வாங்கத் தயாராக இருப்பார்கள். அந்தப் பத்துப் பேரும் சேர்ந்து விலையைத் தீர்மானித்துவிடுவார்கள், நாம் எழுத வேண்டியதுதான். சூப்பர் காருக்கு அப்படி இல்லை. வாங்குகிறவன் ஹைதராபாத்தில் ஒருவன் இருப்பான், கோயம்புத்தூரில் ஒருவன் இருப்பான், மூன்றாவது ஆளைத் தேட வேண்டும். அந்த ஒருவனுக்குப் பிடித்தால் கோடி, பிடிக்காவிட்டால் வண்டி ஷெட்டில் நின்றுகொண்டே இருக்கும்.

நின்றால் செலவில்லை என்று நினைக்காதீர்கள். வாங்குகிறவர்கள் விலையைத்தான் மலை என்று நினைக்கிறார்கள், மலை அதற்குப் பிறகுதான் ஆரம்பம். வருஷா வருஷம் கட்டுகிற இன்சூரன்ஸ் பணத்தில் ஒரு சின்ன கார் வாங்கி வாசலில் நிறுத்தலாம். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு தடவை ஆயில் மாற்றி, கம்பெனி சர்வீஸ் சென்டரில் பதிவு செய்ய வேண்டும். ஒரு வருஷம் விட்டுப்போனால் விற்கும்போது அந்த இடைவெளியே பல லட்சத்தைத் தின்றுவிடும். டயர் தேயாமலே கெட்டுப்போகும். பேட்டரியை எந்நேரமும் சார்ஜரில் மாட்டி வைத்திருக்க வேண்டும், ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றுகிற மாதிரி. நம் பக்கத்து எலிகளுக்கோ இத்தாலி ஒயர் என்றால் தனி ருசி. ஒரு எலி ஒரு ராத்திரியில் தின்றதைச் சரிசெய்ய ஆன பில்லைப் பார்த்து, அந்த எலிக்கு விருந்து வைத்து அனுப்பியிருக்கலாமே என்று ஒரு முதலாளி அழுததை நானே பார்த்தேன். யானையைக் கட்டித் தீனி போட்ட கதை என்பார்கள். யானையாவது கோயில் வாசலில் நின்று ஆசீர்வாதம் செய்து நாலு காசு வாங்கும்.

இவ்வளவு செலவு செய்கிறவர்களுக்குச் சீக்கிரமே ஒரு வியாதி வரும். "ரீசேல்" என்பது அதன் பேர். ஓடிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் விலை குறையும், கீறலுக்குக் குறையும், கறைக்குக் குறையும் என்று ஷோரூம்காரன் சொல்வான், வீடியோ போடுகிறவன் சொல்வான், நம் தொழிலில் இருக்கிற எல்லாரும் சொல்வோம். சொல்வது உண்மையும்கூட. அதைக் கேட்டுக் கேட்டு அந்த ஆள் சொந்த வண்டியிலேயே வாடகைக்குக் குடியிருக்கிறவர் மாதிரி ஆகிவிடுவார். சுவரில் ஒரு ஆணி அடிக்க மாட்டார். எல்லாம் யாரென்றே தெரியாத அடுத்த ஓனருக்காக.

இரும்புலியூர் தணிகாசலத்துக்கு அந்த வியாதி முற்றிப்போயிருந்தது.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம் அது. பழைய சொகுசு கார்களை வாங்கி விற்கிற ஒரு கம்பெனியில் மதிப்பீட்டாளனாக இருந்தேன். தணிகாசலம் தன் காரை விற்க வேண்டும் என்று போன் செய்ததும் முதலாளி என்னை அனுப்பினார். அவர் இரும்புலியூரின் பூர்வீகக் குடும்பத்துக்காரர். ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி அவர்களுக்கு இருந்த நிலத்தை அடுக்குமாடி கட்டுகிறவர்கள் வாங்கிக்கொண்டார்கள். தங்கை அமுதா தன் பங்கில் பொத்தேரியில் கல்லூரிப் பையன்களுக்கு ஒரு ஹாஸ்டல் கட்டினார். அண்ணன் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு மிச்சத்தில் இந்தக் காரை வாங்கினார். ஐம்பதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா அம்மா காலமான பிறகு அந்த வீட்டில் அவரும் காரும்தான்.

வண்டி சாம்பல் நிறம். சினிமாவில் வருகிற மாதிரி சிவப்போ மஞ்சளோ இருக்கும் என்று நினைத்துப் போனேன்.

"எனுக்கு மஞ்சதான் சார் புடிக்கும்" என்றார். "ஷோரூம்ல சொன்னாங்கோ, மஞ்சளுக்கு ரீசேல் கெடையாதுன்னு. சாம்பல்தான் அல்லாருக்கும் புடிக்குமாம். அதான் இத்த எடுத்தேன்."

செருப்பைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். அப்புறமும் திருப்தி இல்லாமல், ஆஸ்பத்திரியில் தருவார்களே, அந்த மாதிரி நீலக் கவர் இரண்டைக் காலில் மாட்டிக்கொள்ளக் கொடுத்தார். ஷெட்டுக்குள் நாலு மூலையிலும் ரசகற்பூர உருண்டை. எலிக்காக.

இங்கே தொழில் பாடம் ஒன்றைச் சொல்லிக்கொள்கிறேன், உங்கள் டேப்லெட்டில் இது இருக்கிறதா என்று தெரியவில்லை. தாம்பரம் சுற்றுவட்டாரத்து வண்டி என்றால் முதலில் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியை எத்தனை தடவை கழுவினாலும் பெல்ட்டின் அடிப்பக்கத்தில் ஒரு சேற்றுக் கோடு நிற்கும். முடிச்சூர் பக்கம் ஏரி உடைந்து வந்த மழைகளுக்குப் பிறகு எங்களுக்குப் பழகிப்போன வித்தை இது. சூப்பர் காரோ ஓட்டை மாருதியோ, எனக்குக் கை தானாகப் பெல்ட்டுக்குத்தான் போகும்.

டிரைவர் பக்கத்து பெல்ட்டை இழுத்தேன். சுத்தமாக இருந்தது, அடிக்கடி உபயோகித்துத் துணி இளகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மாமல்லபுரம் வரை போய் வருவாராம். அந்தப் பக்கம் போய் இன்னொன்றை இழுத்தேன். அது வரவே மறுத்தது. வலுவாக இழுத்ததும் விறைப்பாக வந்தது. ஃபேக்டரியில் மடித்த மடிப்பு கலையவில்லை. மாட்டுகிற கொக்கியின் மேல் ஒட்டியிருந்த மெல்லிய தாள்கூட அப்படியே இருந்தது. அப்புறம்தான் சீட்டைப் பார்த்தேன். புது வண்டியில் வருகிற பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் மூடியிருந்தது.

"இதுல யாருமே உக்காந்ததில்லையா?"

"இன்னா சார் இப்டிக் கேட்டுட்டீங்கோ? ஒருத்தரையும் ஏத்தினது இல்ல. வந்த அன்னிக்கி எப்டி இருந்துச்சோ அப்டியே கீது. பாதி வண்டி புத்தம்புதுசு சார்" என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைக்க மாட்டேன். அத்தனை வருஷ அனுபவத்தில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. படம் எடுத்து முதலாளிக்கு அனுப்பினேன். அவர் அதை ஹைதராபாத்தில் வண்டி சேகரிக்கிற ஒரு பணக்காரருக்கு அனுப்பினார். அவர் நான் போட்ட விலைக்கு மேலேயே தருவதாகச் சொல்லி முன்பணமும் அனுப்பிவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை. அந்த உறை பிரியக் கூடாது. வண்டியை ஏற்றிப்போகக் கன்டெய்னர் வரும்வரை நான் வண்டியின் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று முதலாளி உத்தரவு போட்டார்.

"இவ்வளவு ஆசையா வெச்சிருக்கீங்க, ஏன் விக்கறீங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. வண்டியை ஏன் விற்கிறார்கள் என்பது மதிப்பீட்டாளனுக்கு வேண்டாத சமாச்சாரம். கேட்டால் விலை சொல்கிற வாய் குழறும். ஆனாலும் கன்டெய்னர் வருகிற வரைக்கும் எதையாவது பேசித்தானே ஆக வேண்டும்.

"தங்கச்சி பொண்ணு கீர்த்தனாக்குக் கல்யாணம் சார். தாய்மாமன் நானு ஒருத்தன்தான். நிச்சயதார்த்தத்துக்கு மண்டபத்துக்கு இந்த வண்டில வரணும்னு அந்தக் கொயந்த ஆசப்பட்டுச்சு. அமுதாதான் போன் பண்ணிக் கேட்டுச்சு. நான் வோணாம்ட்டேன்."

"ஏன்?"

"மால போட்டுகினு வரும். மஞ்ச, குங்குமம், சந்தனம். அல்லாம் லெதர்ல எறங்கிச்சுன்னா போவுமா? நீங்களே சொல்லுங்கோ சார், வெலை கொறையுமா கொறையாதா?"

குறையும். மஞ்சள் கறைக்கு மருந்தே கிடையாது. தலையை ஆட்டினேன்.

"அத்தையேதான் நானும் சொன்னேன். கத்தியிருந்தாக்கூட பரவால்ல சார். 'செரிண்ணா'ன்னு சொல்லி போனை வெச்சிடுச்சு. அதோட செரி. அதுக்கப்பறம் போனு இல்ல, பேச்சு இல்ல. ஊரு பூரா பத்திரிக வெச்சிட்டாங்கோ, என் வூட்டுக்கு இன்னும் வர்ல."

விற்கிற பணம் முழுவதையும் கீர்த்தனாவுக்கு நகையாகச் சீர் செய்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார். அப்படிச் செய்தால் தங்கை பழையபடி ஆகிவிடுவாள், தாம்பூலத் தட்டோடு வந்து பத்திரிகை வைப்பாள், பெண்ணைக் கைபிடித்து மேடைக்கு அழைத்து வருகிற தாய்மாமனாகத் தான் நிற்கலாம் என்பது அவர் எண்ணம். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். ஆனால் வருஷக்கணக்காக வண்டிக்கு விலை போட்டே பழகிய மனசு, இதற்கும் ஒரு விலை போட்டு வைத்திருந்தது.

"ஒரு ஒதவி பண்ணுங்கோ சார். பொத்தேரிக்கி எங்கூட வாங்கோ. நான் சொன்னா, சும்மா அளக்குறேன்னு நெனைக்கும். நீங்கோ ஆபீஸரு. இவ்ளோக்குப் போவுதும்மான்னு உங்க வாயால சொல்லிடுங்கோ, போதும்."

குடும்பச் சண்டைக்குள் விலையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள் என்று என்னிடம் வேலை கற்றவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். ஆனால் வண்டி பொத்தேரிக்குப் போனால் நானும் போக வேண்டும், முதலாளி உத்தரவு. கிளம்பினோம். அவர் காரில். நான் என் ஸ்கூட்டரில் பின்னால். "தப்பா நெனைக்காதீங்கோ சார், ஏத்திக்க முடியாது, உங்களுக்கே தெரியும்" என்றார். எனக்கா தெரியாது. அந்த உறையைக் காப்பாற்றுவதுதானே என் உத்தியோகம்.

வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று ஜி.எஸ்.டி. ரோடு முழுக்க நெரிசல். இத்தனை கோடி போட்டு வாங்கிய வண்டி ஷேர் ஆட்டோவுக்குப் பின்னால் மாடு மாதிரி நடந்தது. பக்கத்தில் வருகிறவர்கள் எல்லாம் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். எல்லாரும் காரைத்தான் எடுத்தார்கள். உள்ளே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று யாரும் குனிந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

ஹாஸ்டல் வாசலில் வண்டி நின்றதும் பையன்கள் கூடிவிட்டார்கள். உள்ளே இருந்து அமுதா வந்தார். சமையல் வேலையிலிருந்து அப்படியே எழுந்து வந்திருந்தார்.

"வாங்கண்ணா. சார், நீங்களும் உள்ள வாங்க" என்றார்.

இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி நாற்காலி, ஒரே மாதிரி டம்ளரில் காபி. அண்ணனை அந்த அம்மாள் எப்போதும் "வாங்க" என்று சொல்கிறவர் இல்லை என்பது தணிகாசலத்தின் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அவர் என்னைப் பார்த்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு விலையைச் சொன்னேன். அத்தனை பெரிய தொகையை அத்தனை அசட்டுத்தனமாக என் வாழ்க்கையில் சொன்னதில்லை.

"அல்லாம் கீர்த்தனாக்குதான் அமுதா. ஒரு பைசா எனுக்கு வோணாம்" என்றார் தணிகாசலம்.

"எதுக்குண்ணா? நகையெல்லாம் எடுத்தாச்சு. அவங்கப்பாவே எல்லாம் பாத்துக்கினாரு." அமுதாவின் குரலில் கோபம் துளியும் இல்லை. "நீங்க வந்து முறைக்கு நின்னாப் போதும். உங்களை வுட்டா யாரு இருக்கா? நாளைக்கி நானே வந்து பத்திரிகை வெக்கிறேன். வேலை இழுத்துக்கினே போச்சு, அதான் லேட்டு."

கவனியுங்கள். அவர் என்ன வேண்டும் என்று வந்தாரோ அத்தனையும் கிடைத்துவிட்டது. பத்திரிகை, முறை, மரியாதை. பேரம் இல்லாமல் கிடைத்தது. வாங்கிக்கொண்டு எழுந்திருக்க வேண்டியதுதான். அவரால் முடியவில்லை. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சின்னப் பையன் மாதிரி கேட்டார்.

"அமுதா, வாயேன், ஒரு ரவுண்டு போய்ட்டு வர்லாம். நீ இதுல ஏறினதே இல்லியே."

அமுதா புடவையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

"வேணாம்ணா. எண்ணெச்சட்டி முன்னால நின்னுகினு இருந்தேன், பொடவையெல்லாம் எண்ணெ. வித்துட்டீங்களே, இன்னொருத்தர் வண்டி. ஏதாச்சும் பட்டுதுன்னா உங்களுக்குத்தான் வெலை கொறையும்."

குத்திக் காட்டவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அக்கறையோடுதான் சொன்னார். வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை என்றால் அவர் தட்டில் இனிப்பு வைக்காமல் போவார்களே, அந்த மாதிரி. அண்ணனுக்கு இது ஆகாது என்று அந்த அம்மாள் தெரிந்துவைத்திருந்தார். தணிகாசலம் "செரிம்மா" என்று எழுந்தார்.

வெளியே பையன்கள் வண்டியைச் சுற்றி நின்றிருந்தார்கள். கை படாமல் தள்ளி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தணிகாசலம் நேராக அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்தார். திறந்து, சீட் உறையின் ஓரத்தைப் பிடித்துக் கிழித்தார்.

கிழித்ததும் ஒரு புழுக்க வாடை வந்தது. நம் ஊர் ஈரமும் வெயிலும் பிளாஸ்டிக்குக்குள் சிக்கிக்கொண்டு, லெதர் முழுக்கத் திட்டுத் திட்டாகப் பூஞ்சை பிடித்திருந்தது. இதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: மூடி வைத்ததற்கு விலை போடாதீர்கள், திறந்து பார்க்காமல். நான் போட்டேன். ஆர்வத்தில் ஒரு ஓரத்தைக்கூடத் தூக்கிப் பார்க்கவில்லை.

"பாத்தீங்களா சார்" என்று தணிகாசலம் என்னைப் பார்த்துச் சிரித்தார். "யாரும் உக்காராமலே கெட்டுப் பூட்டுது."

அப்புறம் பையன்கள் பக்கம் திரும்பினார். "யாருப்பா வர்றீங்கோ? ஒரு ரவுண்டு?"

யாரும் நம்பவில்லை. "அங்கிள், காமெடி பண்றீங்களா?" என்றான் ஒருவன். "ஷூவைக் கழட்டணுமா அங்கிள்?"

"அதெல்லாம் ஒரு மயிரும் வோணாம். ஏறு."

முதல் பையன் ஏறினான். பெல்ட்டைச் சண்டை போட்டு இழுத்து மாட்டினான். எஞ்சின் சத்தத்தில் தெருவே அதிர, ரயில்வே ஸ்டேஷன் வரை போய்த் திரும்பி வந்தார்கள். அடுத்தவன் ஏறினான். அதற்குள் வரிசை கட்டி நின்றுவிட்டார்கள், ரேஷன் கடை மாதிரி. மைதானத்திலிருந்து வந்தவன் செம்மண் காலோடு ஏறினான். ஒருவன் கையில் பாதி தின்ற பஜ்ஜி. நான் நடைபாதையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பையனும் இறங்கும்போது விலை எங்கே நிற்கிறது என்று என் மூளை தானாகக் கழித்துக்கொண்டே வந்தது. தொழில் புத்தி எங்கே போகும்.

அப்போதுதான் முதலாளி போன் செய்தார். "என்ன சார் அங்க ஒரே சத்தம்? வண்டி சேஃபா? ஹைதராபாத் பார்ட்டி உறையோட ஒரு போட்டோ கேக்கறார், உடனே எடுத்து அனுப்புங்க."

அந்த இடத்தில் எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. ஓடிப்போய் வண்டியை நிறுத்தலாம். "சார், முன்பணம் வாங்கிட்டோம், இப்படிச் செய்யக் கூடாது" என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. பழைய போட்டோவையே இன்னொரு தடவை அனுப்பிவிட்டு, கிழிந்த உறைக்கு ஏதாவது கதை கட்டலாம், அப்படிச் செய்கிறவர்களும் நம் தொழிலில் உண்டு. வண்டி திரும்பி வருவது தெரிந்தது. உள்ளே ஒரு பையன் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். தணிகாசலம் அவன் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே ஓட்டினார். பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது எப்படி ஓட்டுவது என்று அந்த ஆள் அப்போதுதான் பழகுகிறார்.

"உறை இல்ல சார்" என்றேன் முதலாளியிடம். "கிழிச்சாச்சு. உள்ள பூஞ்சை. நான் பாக்காம வெலை சொல்லிட்டேன். முன்பணத்தைத் திருப்பிக் குடுத்துடுங்க."

"கிழிச்சது யாரு?"

"ஓனர்."

"நீங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

"பாத்துக்கிட்டு இருந்தேன் சார். வண்டி இன்னும் அவர் பேர்லதான் இருக்கு."

அதற்கு மேல் அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. நான் தடுத்திருக்க வேண்டும் என்று நீங்களும் நினைக்கலாம். விலையைக் காப்பாற்றுவது நம் வேலைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த விலை யாருக்காக என்று கேட்டுப் பாருங்கள். வாங்கிக்கொள்ள வேண்டிய அமுதாவே வேண்டாம் என்று சொல்லி அரை மணி ஆகவில்லை. இனி அந்தச் சீட்டைக் காப்பாற்றினால் அது ஹைதராபாத்காரருக்காக மட்டும்தான்.

ஹாஸ்டல் மாடியைத் திரும்பிப் பார்த்தேன். அமுதா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். இறங்கி வருவார் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். குக்கர் விசில் கேட்டதும் உள்ளே போய்விட்டார்.

பெட்ரோல் காட்டி சிவப்புக்கு வந்தபிறகு பையன்கள் கலைந்தார்கள். "செம அங்கிள்", "தேங்க்ஸ் அங்கிள்" என்று கத்திக்கொண்டு போனார்கள். அவர் பேர் என்ன என்று ஒருவனும் கேட்கவில்லை. தணிகாசலம் கொஞ்ச நேரம் வண்டியின் மேல் சாய்ந்துகொண்டு நின்றார். அந்த வண்டியின் மேல் அவர் சாய்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பிறகு வண்டி வேறொருவருக்கு, குறைந்த விலைக்குப் போயிற்று. எவ்வளவு குறைவு என்று கேட்காதீர்கள், உங்கள் மெஷினுக்கு மாரடைப்பு வந்துவிடும். சொன்னபடி அமுதா மறுநாளே வந்து பத்திரிகை வைத்தாராம். எனக்கும் ஒன்று வந்தது, போனேன். பெண் பூ ஜோடித்த வாடகைக் காரில் வந்து இறங்கினாள். தணிகாசலம் பட்டு வேட்டி கட்டி, சீர்த்தட்டு எடுத்து, பெண்ணைக் கைபிடித்து மேடைக்கு அழைத்து வந்தார். எல்லாரும் அவரை முதல் வரிசையில் உட்காரவைத்து, "சாப்டீங்களா, சாப்டீங்களா" என்று விசாரித்தார்கள். ஒரு குறையும் வைக்கவில்லை. பந்தியில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். பாயசத்தைத் தொடவே இல்லை.

இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. இனிமேல் யாராவது உங்களிடம் வந்து, "இந்த வண்டி வாங்கலாமா, பராமரிப்பு எவ்வளவு ஆகும், ரீசேல் என்ன வரும்?" என்று கேட்டால் இன்சூரன்ஸ், டயர், சர்வீஸ், எலி எல்லாவற்றையும் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, "பக்கத்துல யாரை சார் உக்காரவெப்பீங்க?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

போன மாதம் ஒரு நாள் காலையில் காபிப்பொடி வாங்கிக்கொண்டு இரும்புலியூர் பஸ் ஸ்டாப் ஓரமாக வந்துகொண்டிருந்தேன். என் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். வீட்டில் நான் மட்டும்தான் என்பதால் வெளியே வந்தால் திரும்ப எனக்கு அவசரம் இருப்பதில்லை. பெரிய வண்டி ஒன்று வந்து பக்கத்தில் நின்றது. ஏழு பேர் போகிற பழைய வண்டி. எத்தனை கை மாறியதோ, பம்பர் ஒரு பக்கம் சப்பையாக இருந்தது. மஞ்சள் நிறம்.

"சார்! இன்னா சார், நடந்து போய்கினு கீறீங்கோ!" என்று கண்ணாடியை இறக்கினார் தணிகாசலம்.

சீட்டெல்லாம் ரெக்சின் போட்டிருந்தது. துடைத்தால் போய்விடுமாம், குழந்தைகள் ஏறினால்கூடக் கவலை இல்லையாம். சொல்லிக்கொண்டே போனார். உள்ளே எட்டிப் பார்த்தேன். அவர் ஒருவர்தான் இருந்தார்.

"கீர்த்தனா எப்படி இருக்கு?"

"பூனாவுக்குப் பூட்டாங்கோ சார், மாப்பிளைக்கி அங்கதான் வேலை. அமுதாக்கு ஹாஸ்டலை வுட்டு நவுர முடியாது. வருவாங்கோ. லீவு கீவு வுட்டா அல்லாரும் வருவாங்கோ." அந்தப் பக்கத்துக் கதவை உள்ளிருந்தே எட்டித் திறந்துவிட்டார். "ஏறுங்கோ சார். எங்க போவணும்? வுட்டுட்டுப் போறேன்."

காபிப்பொடிப் பொட்டலத்தைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டேன்.

"சிங்கப்பெருமாள் கோவில்" என்றேன். பொத்தேரியையும் தாண்டிப் போக வேண்டிய ஊர், எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

"அட, நானும் அந்தாண்டதான் சார் போய்கினு கீறேன்!" என்றார். அவர் வண்டி அதற்கு நேர் எதிராக, தாம்பரத்தைப் பார்த்து நின்றிருந்தது.